என் நகைச்சுவையைக் காணவில்லை

காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோதுதான் நாவரசு யோகேஸ்வரன் தன் நகைச்சுவை தொலைந்துபோனதைக் கவனித்தார்.

தினமும் பல் துலக்கும்போது ஒரு ஜோக்கை எடுத்துக் கண்ணாடிக்குச் சொல்லிப் பார்ப்பது அவர் வழக்கம். பட்டிமன்றப் பேச்சாளருக்கு அது தண்டால் எடுக்கிற மாதிரி. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இருக்கும் நினைவுத்துணையை மனதால் ஒரு தட்டுத் தட்டுவார். 'என் நகைச்சுவை' என்ற கோப்புறை திறக்கும். உள்ளே 'என் மனைவி', 'என் மாமியார்', 'என் வெளிநாட்டுப் பயணம்' என்று வரிசையாக இருக்கும். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். அன்றைக்குத் தட்டினார். ஒன்றும் திறக்கவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார்.

'அப்படி ஒரு கோப்புறை இல்லை' என்று துணை மரியாதையாகச் சொன்னது.

"மோனி! என் ஜோக்கெல்லாம் காணாமப் போச்சு புள்ள!" என்று வாய் நிறைய நுரையோடு கத்தினார்.

"எங்கீங்க போயிரும்? கட்டிலுக்கடியில பாருங்க. கண்ணாடி, சாவி எல்லாம் அங்கதான கெடக்குது" என்று அடுப்படியிலிருந்து மனைவி மோனிஷா பதில் சொன்னாள்.

நினைவுத்துணை இல்லாதவர்களை இப்போது கோபிசெட்டிபாளையத்தில் பார்ப்பது அரிது. கைக்குழந்தைகளும் கோயில் யானையும்தான் மிச்சம். யானைக்கும் வைக்கப்போவதாகப் பேச்சிருக்கிறது. பள்ளியில் படித்தது, பக்கத்து வீட்டில் கேட்டது, கல்யாணத்தில் சாப்பிட்டது எல்லாவற்றையும் துணை பத்திரமாக வைத்திருந்து, கேட்டதும் எடுத்துக் கொடுக்கும். அதன் பழைய இயங்குதளம் சித்திரை மாதத்தில் சூடேறும். மேடைப் பேச்சாளர்கள் காதோரம் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு பேசிய காலம் உண்டு. இனி அதற்குப் பராமரிப்பு கிடையாது என்று நிறுவனம் அறிவித்துவிட்டதால், முந்தின நாள்தான் கணவனும் மனைவியுமாக ஈரோடு மையத்துக்குப் போய்ப் புதிய இயங்குதளத்துக்கு மாறி வந்திருந்தார்கள். புதியது சுடாது. வேகமானது. ஒழுங்கும் அதிகம். ஒழுங்கு சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை என்பது வேறு விஷயம்.

மாறிய நேரம்தான் சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை கோபியிலேயே, ஒரு கல்யாண மண்டபத்தில், தொலைக்காட்சிக்காகப் பொங்கல் சிறப்புப் பட்டிமன்றம். தலைப்பு: இல்லறத்தில் சிரிப்பை வளர்ப்பவர் கணவரா, மனைவியா? 'கணவரே' என்ற அணிக்கு யோகேஸ்வரன் தலைவர். நடுவர் முனைவர் சபரிநாதன் இந்தப் பொங்கலோடு ஓய்வு பெறுகிறார். அடுத்து அந்த நாற்காலி யாருக்கு என்பதை இந்த நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாகத் தயாரிப்பாளர் சொல்லியிருந்தார். யோகேஸ்வரன் எத்தனையோ வருடங்களாக அந்த நாற்காலிக்குக் கீழே, வலது பக்கம், முதல் இருக்கையில் உட்கார்ந்து அதன் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே வந்தவர். இந்தத் தடவை விட்டால் இனி வாய்ப்பில்லை என்று அவருக்குத் தெரியும்.

வாயைக் கொப்பளித்த கையோடு ஈரோடு மையத்தைக் கூப்பிட்டார். வர்ஷினி என்ற பொறியாளர் பேசினார்.

"சார், உங்க ஜோக்கு ஒண்ணும் காணாமப் போகலீங்க. எல்லாம் பத்திரமா இருக்குது. ஃபோல்டர் பேருதான் மாறியிருக்குது."

"அதெப்படிம்மா என்னையக் கேக்காம மாத்துவீங்க?"

"பழைய சிஸ்டத்துல எல்லா ஃபோல்டருக்கும் முன்னாடி 'என்'னு இருக்குமுங்க. என் பாட்டு, என் பேச்சு, என் கருத்து. புதுசுல அது கெடையாது. எந்த ஞாபகத்த யாரு தந்தாங்களோ, அவங்க பேருல இருக்கும்."

"எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

"பழசுல ஒரே ஜோக்கு ஆயிரம் பேர் தலைல 'என் ஜோக்கு'ன்னு இருந்துச்சுங்க சார். ஆள் பேரோட வெச்சாத்தான் ஞாபகம் நெம்ப நாள் நிக்குதுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. ஆள் இல்லாத ஞாபகம் சீக்கிரம் புளிச்சுப் போயிருதாம்."

"எனக்கு எவனும் ஒண்ணும் தரலம்மா. அத்தனையும் நானே யோசிச்சது."

"அப்படின்னா கவலையே இல்லீங்க. உங்க பேருலயே ஒரு ஃபோல்டர் இருக்கும். அதத் தொறந்து பாருங்க."

யோகேஸ்வரன் ஊஞ்சலில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, தன் பெயரிலிருந்த கோப்புறையைத் திறந்தார். அதில் மூன்று பொருள்கள் இருந்தன. ஒன்று, மேடையேறியதும் அவர் தொண்டையைச் செருமும் சத்தம். இரண்டு, 'நடுவர் அவர்களே!' என்ற முழக்கம். மூன்று, தெருவிளக்கு எரியவில்லை என்று நகராட்சிக்கு அவர் கொடுத்த புகார்.

இன்னும் உள்ளே ஏதாவது இருக்கும் என்று மூலை முடுக்கெல்லாம் தேடினார். இல்லை. கோப்புறையை மூடிவிட்டு மற்ற பெயர்களைப் பார்க்கத் தொடங்கினார்.

அவருடைய அரசியல் கருத்துகள் அனைத்தும் 'முடிதிருத்தும் குமரவேல்' பெயரில் இருந்தன. செய்யுள்கள் எல்லாம் ஏழாம் வகுப்புத் தமிழாசிரியையின் பெயரில் இருந்தன. ஒரு செய்யுளை எடுத்தபோது கூடவே "கைய நீட்டுடா" என்ற குரலும் வந்ததால் பயந்து வைத்துவிட்டார். உலகம் முழுக்கத் தமிழர்கள் கைதட்டிய அவருடைய சிங்கப்பூர் விமான ஜோக்கைக் காணாமல் தவித்துப்போய், கடைசியில் 'பெயர் தெரியாதவர், சத்தியமங்கலம் பேருந்து, ஜன்னலோர இருக்கை' என்ற கோப்புறையில் கண்டுபிடித்தார். அந்த மனிதர் சொன்னது சத்தி பேருந்தைப் பற்றி. விமானத்தை யோகேஸ்வரன் சேர்த்திருந்தார்.

வீட்டு ஜோக்குகள்தான் அவருடைய உயிர்நாடி. 'நாவரசு' பட்டம் கொடுத்ததே அவற்றுக்குத்தான். அவை எங்கே என்று கேட்டார். எல்லாவற்றையும்விடப் பெரிய கோப்புறையைத் துணை அவர் முன்னால் திறந்து வைத்தது. அதன் பெயர் 'மோனிஷா'.

முதலில் வாஷிங் மெஷின் ஜோக்கை எடுத்தார். அவருடைய தலைசிறந்த ஜோக் அது. மேடையில் அவர் சொல்வது இப்படி: "நான் என் மனைவிகிட்டச் சொன்னேன், நீயும் வாஷிங் மெஷினும் ஒண்ணுதான். ஆனா மெஷின் வேலையை முடிச்சிட்டுத்தான் பாட்டுப் போடும். நீ வேலையை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பாட்டுப் போடற!"

கோப்புறையில் இருந்தது வேறு மாதிரி இருந்தது. கல்யாணமான புதிது. அவர் துணி காயப்போடப் போவதாக அறிவித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். மோனிஷா வாளியோடு அவரைக் கடந்து போகிறாள். போகிற போக்கில், "நீங்களும் வாஷிங் மெஷினும் ஒண்ணுதானுங்க. ஆனா மெஷினு வேலைய முடிச்சுப்போட்டுத்தான் பாட்டுப் போடும். நீங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பாட்டுப் போடறீங்க" என்கிறாள்.

அடுத்ததை எடுத்தார். அதுவும் அப்படித்தான். அதற்கடுத்ததும். அவள் அவரைப் பார்த்துச் சொன்னதை எல்லாம், அவர் அவளைப் பார்த்துச் சொன்னதாக ஊர் ஊராகத் திருப்பிப் போட்டு விற்றிருக்கிறார். பழைய இயங்குதளத்தில் 'என்' என்ற பலகைக்குப் பின்னால் அது அவருக்கே தெரியாமல் இருந்தது. நிஜமாகவே தெரியாது. அந்த மனிதரைப் பற்றி வேறு என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், வேண்டுமென்றே திருடினார் என்று சொல்ல முடியாது.

"மோனி" என்று மெதுவாகக் கூப்பிட்டார்.

"என்னுங்க?"

"ஒண்ணுமில்ல."

மோனிஷா அவருடைய பட்டிமன்றங்களுக்கு வருவதை நிறுத்தி வெகு காலமாகியிருந்தது. ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டால், "எல்லாம் ஊட்டுலயே கேட்டதுதானுங்களே" என்பாள். தான் வீட்டில் ஒத்திகை பார்ப்பதைத்தான் சொல்கிறாள் என்று அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

யோகேஸ்வரன் லேசில் விடுகிற ஆள் இல்லை. 'மோனிஷா' என்ற பெயரை அழித்துவிட்டு 'என் நகைச்சுவை' என்று எழுதினார். துணை மறுக்காமல் எழுதவிட்டது. திருப்தியோடு திறந்தார். திறந்ததும் பெயர் மறுபடி 'மோனிஷா' ஆகிவிட்டது. 'மோ. நகைச்சுவை' என்று சுருக்கிப் பார்த்தார். 'பொது' என்று தாராளமாகப் பார்த்தார். ஒரு ஜோக்கை மட்டும் நைசாக எடுத்துத் தன் பெயரிலிருந்த கோப்புறையில் நகராட்சிப் புகாருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். அது சொந்தக் காலில் நடந்து திரும்பிப் போய்விட்டது. மறுபடியும் வர்ஷினியைக் கூப்பிட்டார்.

"சார், போர்டு மாத்துனா வீடு நம்முளுது ஆயிருமுங்களா? கேட்டு வாங்கலாமுங்க. அதுக்கு வழி இருக்குது."

"எப்படி?"

"அவங்க 'எடுத்துக்குங்க'ன்னு ஒரு வார்த்த சொல்லணும். உங்க காதுல விழுந்தாப் போதும். எல்லாம் உங்க பேருக்கு மாறிரும். பேப்பர், கையெழுத்து ஒண்ணும் வேண்டாமுங்க." வர்ஷினி சற்று நிறுத்தி, "யாருங்க சார் அவங்க? வெளியூருங்களா?" என்று கேட்டார்.

"அடுப்படில இருக்கறாங்க" என்று சொல்லி யோகேஸ்வரன் இணைப்பைத் துண்டித்தார்.

கேட்டிருக்கலாம். ஓர் எட்டு எடுத்து வைத்தால் அடுப்படி. ஆனால் மேடையில் மைக்கைப் பிடித்து மணிக்கணக்காகப் பேசுகிற மனிதருக்கு மனைவியிடம் ஒரு கேள்வி கேட்க நாக்கு எழவில்லை. கேட்டால், இத்தனை வருடமும் கேட்காமல் எடுத்திருக்கிறோம் என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். 'கணவரே' அணிக்குத் தலைவர் வேறு. சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது, இன்றைக்குக் கேட்டே விடுவது என்று துணிந்து வாயைத் திறந்தார்.

"மோனி..."

"என்னுங்க?"

"குழம்புல உப்பு இல்ல."

"சித்த போட்டுக்குங்க" என்று அவள் உப்பு ஜாடியை நகர்த்தி வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது. மோனிஷாவின் ஜோக்குகளையே, பழைய மாதிரி திருப்பிப் போட்டுச் சொல்லிவிடுவது என்று சாப்பிட்டு முடிப்பதற்குள் முடிவு செய்துவிட்டார். யாருக்குத் தெரியப்போகிறது? எடுக்கிற இடம் மாறினால் என்ன, கைதட்டுகிற கை அதேதான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்து வழிந்தது. உள்ளூர் என்பதால் மகளிர் குழுப் பெண்கள் மோனிஷாவையும் கையைப் பிடித்து இழுத்து வந்து மூன்றாவது வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால், காது கேளாதவர்களுக்காக ஒரு பெரிய திரை. பேச்சாளரின் துணையிலிருந்து நேராக எழுத்து எடுத்து அது ஓட்டும். எழுத்து எங்கிருந்து போகிறது, என்னவென்று போகிறது என்பதைப் பேச்சாளர்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர்களுக்கு முன்பக்கம் இருக்கும் கேமராதான் தெய்வம்.

எதிரணித் தலைவி பேராசிரியை ரேஷ்மா பேசி உட்கார்ந்ததும் யோகேஸ்வரன் எழுந்தார். துண்டைச் சரிசெய்தார். தொண்டையைச் செருமினார்.

"நடுவர் அவர்களே!"

திரையில் அந்த வார்த்தைகள் ஓடின. கீழே சிறிய எழுத்தில் 'தந்தவர்: யோகேஸ்வரன்' என்று வந்தது. பழைய இயங்குதளத்தில் இந்தக் கீழ்வரி கிடையாது. புதியது எதையும் பெயரில்லாமல் வெளியே அனுப்பாது.

"வீட்டில் சிரிப்பை வளர்ப்பவன் கணவன்தான்! நான் ஒருநாள் என் மனைவியிடம் சொன்னேன். அடியே, நீயும் வாஷிங் மெஷினும் ஒன்று..."

அவர் சொல்லி முடித்ததும் மண்டபம் சிரித்தது. வழக்கமான சிரிப்பு. அது அடங்கப்போகிற நேரத்தில் இரண்டாவதாக ஒரு சிரிப்பு எழுந்தது. அது முதல் சிரிப்பைவிடப் பெரியது. அவர் வாயில் வந்தது ஒன்று, துணை அனுப்பியது கோப்புறையில் இருந்தபடியே மற்றொன்று. திரையில் மோனிஷாவின் வார்த்தைகள், அவள் சொன்ன திசையில், அவள் பெயரோடு ஓடின.

யோகேஸ்வரனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு ஜோக்குக்கு இரண்டு சிரிப்பு வாங்கியவர் பட்டிமன்ற வரலாற்றிலேயே இல்லை. நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. உற்சாகமாக அடுத்ததை எடுத்து விட்டார்.

"என் மனைவி கண்ணாடியைத் தேடுகிறேன் என்று போனாள். நான் சொன்னேன், இந்த வீட்டில் தொலைந்ததெல்லாம் கிடைத்துவிடும், தேடப்போன நீதான் டிவி முன்னால் தொலைந்துபோய்விடுவாய்!"

முதல் சிரிப்பு. பிறகு திரையைப் படித்துவிட்டு இரண்டாவது சிரிப்பு. ஒரு பெரியவர் சிரிப்புத் தாங்காமல் முன் நாற்காலியில் தலையைச் சாய்த்துக்கொண்டார். எதிரணியில் ரேஷ்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் அணியினர் இருவரும் ஏன் தலையைக் குனிந்துகொண்டார்கள் என்று யோகேஸ்வரன் யோசித்தார். பொறாமை என்று முடிவு செய்தார். மூன்று, நான்கு என்று அடுக்கிக்கொண்டே போனார். மகளிர் குழு வரிசையில் விசில் பறந்தது.

நடுவர் சபரிநாதன் மணியை மெல்லத் தட்டினார்.

"நாவரசு அவர்களே, எதிரணிக்காக இவ்வளவு வலுவா வாதாடுன அணித்தலைவரை நான் பாத்ததே இல்லீங்க. சித்த பின்னால திரும்பிப் பாருங்களேன்."

யோகேஸ்வரன் திரும்பினார். ஆள் உயர எழுத்து. கீழே கடைசியாகச் சொன்ன ஜோக்குகள். அவற்றுக்கு மேலே, 'தேடப் போன மனுசந்தான் டிவி முன்னால தொலஞ்சுபோயிர்றாரு. தந்தவர்: மோனிஷா.' அதற்கு மேலே, வாஷிங் மெஷின். தந்தவர்: மோனிஷா. அதற்கும் மேலே 'நடுவர் அவர்களே!' என்பதற்கு மட்டும் அவர் பெயர் இருந்தது.

மண்டபம் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. அவர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஏதாவது கொடு, எதையாவது கொடு என்று துணையைக் கெஞ்சினார். குமரவேலின் அரசியலைக் கொடுத்தாலும் சொல்லியிருப்பார். திறந்திருந்தது மோனிஷாவின் கோப்புறை. வரிசையில் அடுத்து இருந்ததைத் துணை கொடுத்தது.

அதை அவர் மேடையில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அதைத் திருப்பிப்போட வழி தெரியாமல், பயன்படாது என்று என்றைக்கோ ஒதுக்கிவிட்டிருந்தார். வேறு வழியில்லாமல் இப்போது இருந்தபடியே சொன்னார்.

"என் மனைவி சொன்னதுங்க இது" என்றார். மேடைத்தமிழ் எங்கோ போய்விட்டிருந்தது. "நான் கேட்டேன், ஏம்புள்ள, தெனமும் குழம்புல உப்புக் கொறயுதேன்னு. அவ சொன்னா, 'உப்பு சரியா இருந்தா நீங்க பேசறதில்லீங்க. சாப்பிட்டுப்போட்டு எந்திரிச்சுப் போயிர்றீங்க. கொறச்சுப் போட்டாத்தான் உப்பில்லைன்னு ஒரு வார்த்த சொல்றீங்க. ஊட்டுல ஒரு பேச்சுச் சத்தம் கேக்கட்டும்னுதான் கொறச்சுப் போடறேன்'னு."

பாதிப் பேர் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஆரம்பித்தவர்கள் அப்படியே நிறுத்திக்கொண்டார்கள். யோகேஸ்வரன் தன் வாயால் சொல்லித் தன் காதால் கேட்டபோதுதான் அது அவருக்கு முதல்முறையாக விளங்கியது. அவமானமாக இருந்தது. அதைவிட, அழுகை வந்தது. மூன்றாவது வரிசையைப் பார்த்தார். மோனிஷா அவரைப் பார்க்காமல் மடியிலிருந்த பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"நடுவர் அவர்களே, நான் தோத்துட்டேனுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

தீர்ப்பு எதிர்பார்த்ததுதான். மனைவியே. கைதட்டல் ஓய நேரமாயிற்று. எல்லாருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். நாற்காலிக் கனவு முடிந்தது என்று யோகேஸ்வரன் படியிறங்கும்போது தயாரிப்பாளர் ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சார், பின்னிட்டீங்க! அந்த உப்பு மேட்டருக்கு என் அசிஸ்டென்ட் அழுதுட்டாங்க. நடுவர் சேர் உங்களுக்குத்தான். பேசி முடிச்சாச்சு."

"நெசமாவா?"

"ஒரே ஒரு கண்டிஷன். வாராவாரம் அக்கா ஃபோல்டர்ல இருந்து நாலு ஐட்டம் வேணும். அக்காகிட்ட பர்மிஷன் மட்டும் வாங்கிடுங்க. சாயங்காலம் போன் பண்றேன்."

வீட்டுக்கு வந்ததும் மோனிஷா புடவையைக்கூட மாற்றாமல் ரசத்தைச் சூடுபண்ணினாள். யோகேஸ்வரன் பொன்னாடையோடு அடுப்படி வாசலில் நின்றார். அந்த எட்டை இப்போதுதான் எடுத்து வைத்தார்.

"மோனி, ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்க."

"உன்ற ஜோக்கையெல்லாம்... நான் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்குங்க" என்றாள் அவள், திரும்பிக்கூடப் பார்க்காமல். "எத்தன வருசங்கழிச்சுக் கேக்கறீங்க. எடுத்துக்குங்க. நானென்ன ஊறுகா போட்டா வெக்கப் போறேன்."

அவர் காதில் விழுந்தது. அந்த நொடியே 'மோனிஷா' என்ற பெரிய கோப்புறை முழுவதும் புறப்பட்டு வந்து யோகேஸ்வரன் பெயரில் சேர்ந்தது. நகராட்சிப் புகார் ஓரமாக ஒதுங்கி இடம்விட்டது. நாற்காலி, நான்கு ஐட்டம், எல்லாம் கைக்கு வந்தாயிற்று. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவர் நகராமல் அங்கேயே நின்றார்.

"நீயும் புதுசுக்கு மாறியிருக்கறயே. உன்ற துணைல என் பேருல ஃபோல்டர் இருக்குதா?"

"இருக்குதுங்க."

"என்ன இருக்குது? நான் சொன்ன ஜோக்கா?"

"நீங்க எப்பங்க ஜோக்குச் சொன்னீங்க?" கரண்டியைக் கீழே வைத்தாள். "சிரிப்பு இருக்குதுங்க. நான் ஏதாச்சும் சொன்னா நீங்க சிரிப்பீங்கல்ல, அது. மாத்திப்போட்டு வந்தன்னைக்கே தொறந்து பாத்தேன். கல்யாணமான புதுசுல நெம்ப இருக்குது. ஒருக்கா சிரிச்சுச் சிரிச்சு ஊஞ்சல்ல இருந்து கீழ விழுந்தீங்க, அதுகூட இருக்குது."

"அப்பறம்?"

"அப்பறம் கொறஞ்சுபோச்சு. நாவரசு பட்டம் வாங்குன பொறவு ஒண்ணுகூட இல்லீங்க. நான் என்ன சொன்னாலும் 'இரு இரு, இன்னொருக்கா சொல்லு'ன்னுதான் இருக்குது. சிரிக்கறத விட்டுப்போட்டு மனப்பாடம் பண்ண ஆரம்பிச்சுட்டீங்க."

குரலில் கோபம் இருந்திருந்தால் அவர் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பித்திருப்பார். அவள் சமையலுக்கு அளவு சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். யோகேஸ்வரன் அடுப்படித் தரையிலேயே சம்மணம்போட்டு உட்கார்ந்துவிட்டார். பொன்னாடை ஒரு பக்கம் நழுவி, சரிகை முழுக்கக் கறிவேப்பிலைத் தண்டில் போய் விழுந்தது. மோனிஷா இடுப்பில் கைவைத்து அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஒரு வாக்கியம் சொன்னாள்.

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தோள் குலுங்கியது. பிறகு வயிறு குலுங்கியது. சத்தமே வராமல் சிரித்து, மூச்சு முட்டி, சத்தத்தோடு சிரித்து, சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்து மோனிஷாவும் சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரர் சுவர் வழியாக, "நாவரசு, ஒடம்புக்கு ஒண்ணுமில்லயே?" என்று கேட்டார்.

'இது மோனிஷா தந்தது. மேடையில் சொல்ல அனுமதி இருக்கிறது. சேமிக்கவா?' என்று துணை கேட்டது.

யோகேஸ்வரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையை வீசி, "வேண்டாம்" என்றார்.

அந்த நேரம் பார்த்துத் தயாரிப்பாளர் கூப்பிட்டார். அக்கா சரி சொல்லிவிட்டார்களா என்று கேட்டார். சொல்லிவிட்டதாக யோகேஸ்வரன் சொன்னார்.

"ஆனா ஊட்டுச் சரக்கு இனிமேல் வெளிய வராதுங்க. அது இல்லாம நாற்காலி உண்டுன்னாச் சொல்லுங்க, வர்றேன்."

"யோசிச்சுட்டுக் கூப்பிடறோம் சார்" என்றார் தயாரிப்பாளர். தொலைக்காட்சிக்காரர்கள் அப்படிச் சொன்னால் கூப்பிட மாட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். கூப்பிடவில்லை. நடுவர் நாற்காலியில் இப்போது பேராசிரியை ரேஷ்மா இருக்கிறார். நன்றாகவே நடத்துகிறார்.

மோனிஷா அன்றைக்கு அடுப்படியில் அப்படி என்னதான் சொன்னாள் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. நான் அவருடைய காதுக்குப் பின்னாலேயே இருக்கிறேன். மற்ற எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல், தந்தவர் பெயரோடு, அடுக்கி வைத்திருக்கிறேன். அதை மட்டும் அவர் சேமிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.